பிடுங்க வராத ஆணி

"எனக்குத் தூக்கம் வரணும். அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. தத்துவமெல்லாம் வேண்டாம்."

வாசலில் கால் வைத்ததும் அங்கமுத்து சொன்னது இதுதான். வணக்கம் அப்புறம்தான் வந்தது.

வசந்தமணி அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க ஐயா."

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கூடம். ஓடு போட்ட நீளக் கட்டடம். முன்னால் ஒரு புங்க மரம், பின்னால் என் அடுப்படி. நான் பாவாயி. கஞ்சி காய்ச்சுவேன், வெந்நீர் வைப்பேன், பலகைகளைத் துடைத்து வெயில் காட்டுவேன். கூடத்தில் பேசுவதெல்லாம் அடுப்படிக்குக் கேட்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

அம்மா என்றதும் வயசானவர் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னும் நாற்பது ஆகவில்லை. முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் நடக்க முடியாதவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். அவரைவிட இருபது வயசு மூத்தவர்களும் இங்கே வந்தால் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆணிப் பலகை என்றால் சாமியார் படுத்துக் கிடப்பது இல்லை. இரண்டு பாதம் வைக்கிற அளவுக்கு வேப்பம் பலகை. அதில் நெருக்கமாக ஆணி அடித்து, கூர் மேலே பார்த்தபடி இருக்கும். வெறுங்காலோடு ஏறி நிற்க வேண்டும், அவ்வளவுதான். உடம்பு இறுக்கம் விடும், தூக்கம் வரும் என்று டவுனிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மெத்தையில் வராத தூக்கம் ஆணியில் வருமாக்கும் என்று நானும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான்.

அங்கமுத்துவுக்கு ராசிபுரத்தில் ஹார்டுவேர் கடை.

"காலமெல்லாம் ஆணி வித்தவன் நான். கடைசியில ஆணி மேலயே ஏத்தி விட்டுட்டாங்க பாருங்க," என்றார்.

அவர் மட்டும் சிரித்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"சுகர் இருக்குதுங்களா?" அம்மா கேட்டார்.

"இல்லீங்க."

அம்மா யார் சொல்வதையும் அப்படியே நம்ப மாட்டார். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி அவர் உள்ளங்காலில் மெல்ல இழுத்தார். அவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"கூசுதுங்க."

"கூசணும். கூசாத காலை நான் ஏத்தறதில்லை."

நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை மட்டும் பலகைமேல் வைக்கச் சொன்னார். உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம். அப்புறம் ஒரு காலில் மட்டும் பாரம். புதிதாக வருகிற யாருக்கும் இப்படித்தான். அங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"நேரா ஏறிடறேனே."

"அப்போ கையைக் குடுங்க."

"கை எதுக்குங்க? நானே நிப்பேன்."

"இங்க யாரும் தனியா ஏறறதில்லை."

அது எங்கள் கூடத்து வழக்கம். ஏறுகிறவருக்கு எதிரே ஒருத்தர் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். கண்ணை மூடினால் இறக்கிவிடுவார்கள். எத்தனை பெரிய ஆள் வந்தாலும் இதில் மாற்றம் கிடையாது.

வேண்டா வெறுப்பாகக் கையைக் கொடுத்தார். ஏறினார்.

முதலில் எல்லோருக்கும் வருவது அவருக்கும் வந்தது. பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"மூச்சைப் பிடிச்சு வெக்காதீங்க. விடுங்க."

விட்டார். இன்னொரு தரம் விட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டே வந்தது. உதடு கோணியது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

அந்த நிமிஷம் பொத்தென்று குதித்துவிட்டார்.

"வேர்த்துடுச்சுங்க," என்று துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நல்லாத்தானே நின்னீங்க. ஏன் இறங்கிட்டீங்க?"

"வலிக்குதில்லைங்க."

"எங்க?"

"கால்லதான். வேற எங்க வலிக்கும்?"

அம்மா பலகையைத் துடைத்து ஓரமாக வைத்தார்.

நான் அதற்குள் ஒரு டம்ளர் கஞ்சியோடு வாசலுக்குப் போயிருந்தேன். அவருடைய காரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து வைத்து, காலை மட்டும் வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு. அவர் பெயர் தெய்வானை, அங்கமுத்துவின் வீட்டுக்காரி.

"உள்ள வரலீங்களா?"

"நான் எதுக்கு? ராத்திரியெல்லாம் முழிச்சுட்டுப் பகல்ல வண்டி ஓட்டறாரு. எங்கியாச்சும் கொண்டுபோய் மோதிடுவாருன்னுதான் கூட வந்தேன்."

"அவ்வளவு அக்கறையா?"

"அக்கறை இல்லாமயா? பேசறதுதான் இல்லை."

கஞ்சியை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

ஒரே மகள். கோகிலவாணி. வாணி, வாணி என்றுதான் கூப்பிடுவார்களாம். காலேஜ் முடிக்கப் போகிற வருஷம். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அங்கமுத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டார். மகளுடைய துணிமணி, புத்தகம், சைக்கிள், தலையணை, சோப்பு டப்பா வரைக்கும் மூட்டை கட்டி எங்கோ ஓர் அநாதைப் பிள்ளைகள் ஹோமுக்குக் கொடுத்துவிட்டார். படம் ஒன்றே ஒன்றைக் கடை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லக் கூடாதாம்.

"பார்த்தாத்தானே வலிக்குது, இல்லாம பண்ணிட்டா வலிக்காதுன்னாரு. பெத்தவ நான் இருக்கறனே, என்னை எந்த மூட்டையில கட்டறது?"

நான் கார் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"வருஷம் திரும்புதுங்க. கல்யாணம் ஆகாத புள்ள. படத்தை மாட்டி, புதுத் துணி எடுத்து வெச்சுக் கும்பிடணும். அவ நம்ம வீட்டுச் சாமி. அதுக்கும் மாட்டேங்கறாரு. வருஷத்துக்குள்ள படம் மாட்டலீன்னா பல்லடத்துல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்னு எங்க நாத்தனார்கிட்டச் சொல்லிவிட்டுட்டேன். போனா திரும்பமாட்டேன்."

கஞ்சியைக் குடிக்காமலே டம்ளரைக் கொடுத்துவிட்டார்.

உள்ளே அங்கமுத்து பலகையை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேனுங்க. யாரும் பார்க்காம நின்னு பழகிக்கறேன்."

"கையைப் பிடிக்க ஆள்?"

அவர் கார் பக்கம் பார்த்தார்.

"அவ பிடிக்கமாட்டா."

"கேட்டீங்களா?"

"பேச்சிருந்தாத்தானே கேக்கறதுக்கு."

அம்மா பலகையை ஒரு துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். விலை வாங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கார் போனதும் கேட்டேன்.

"தனியா ஏறக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சட்டம். இவருக்கு மட்டும் பார்சல் கட்டிக் குடுக்கறீங்க?"

"இப்போ சொன்னா மண்டையில ஏறாது பாவாயி," என்றார் அம்மா. "காலு வந்து சொல்லும்."

கால்தான் வந்து சொன்னது. அடுத்த வாரம் நொண்டிக்கொண்டே வந்தார். வலது பாதத்தில் கட்டு. கக்கத்தில் பலகை.

"உங்க பலகை சரியில்லைங்க."

துணியைப் பிரித்தார். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நெருக்கமாக இருந்த ஆணிகளில் பெரும்பாலானவை காணோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. மீதி இடமெல்லாம் ஓட்டை.

"என்ன பண்ணினீங்க?" அம்மா கேட்டார்.

"குறடும் சுத்தியலும் நம்ம கடையில இல்லாததுங்களா? ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்கினேன். ஆணி பாதியானா வலி பாதியாகும்னு ஒரு கணக்கு."

"ஆச்சா?"

"இல்லீங்க. முன்னைவிடக் குத்துச்சு."

"அப்புறம்?"

"இன்னும் ஆணி ஜாஸ்தியா இருக்குதுன்னு நெனச்சேன். மறுபடியும் பிடுங்கினேன்."

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, ஒரு தடவை குத்தினது பத்தலையா?"

அம்மா என்னைப் பார்த்தார். வெந்நீர் எடுத்து வர எழுந்து போனேன்.

அம்மாவே கட்டைப் பிரித்து, வெந்நீரில் துணி நனைத்துக் காயத்தைத் துடைத்தார். மருந்து வைத்தார். டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று என்றார் அவர். அதுவரைக்கும் வேறு பேச்சே இல்லை. பெரிய மனுஷர் காலை நீட்டிக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மிச்சத்தையும் பிடுங்கிருங்க ஐயா," என்றார் அம்மா.

"என்னங்க?"

"ஆணி இருந்தாத்தானே குத்துது. சுத்தமா எடுத்துருங்க. குறடு கொண்டு வந்திருக்கீங்கல்ல?"

அவர் பைக்குள்ளிருந்து குறட்டின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்தார்.

புங்க மரத்தடியில் உட்கார்ந்து பிடுங்கினார். கூர் முனையில் தட்டுவார், பின்னால் தலை வெளியே வந்ததும் திருப்பி இழுப்பார். ஒவ்வொன்றும் கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. காரில் உட்கார்ந்திருந்த தெய்வானை அந்தச் சத்தம் பொறுக்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் வளைந்து போன ஆணிகள் குவிந்து கிடந்தன. அவர் பலகையைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒரே ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குதும்மா. மரக் கணுவுல மாட்டியிருக்குது. தலை முறிஞ்சு போச்சு. எந்தப் பக்கமும் அசையல."

அம்மா வந்து பார்த்தார்.

"மத்ததெல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"அப்போ சரி. ஒண்ணுதானே. ஏறி நில்லுங்க."

அங்கமுத்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எப்படிங்க நிக்கறது? மொத்த உடம்பும் இது மேலதானே எறங்கும்."

அம்மா எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அங்கமுத்து கட்டை விரலால் அந்த ஆணிக் கூரைத் தொட்டார். எடுத்தார். மறுபடியும் தொட்டார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் போக மனசு வரவில்லை.

"கண்ணாடியில ஒரு பொட்டு இருக்குதும்மா," என்றார்.

"எந்தக் கண்ணாடிங்க?"

"குளியல் ரூம் கண்ணாடி. எம் மக மூஞ்சி கழுவறப்போ பொட்டை எடுத்து கண்ணாடி ஓரத்துல ஒட்டி வெப்பா. மூஞ்சி துடைச்சுட்டு மறுபடியும் எடுத்து வெச்சுக்குவா. கருப்புப் பொட்டு. எல்லாத்தையும் மூட்டை கட்டினேன், அதை மட்டும் கவனிக்கல. மறுநாள் ஷேவிங் பண்ணப் போறேன், அது நிக்குது. கரெக்டா என் கண்ணுக்கு நேரா."

குறட்டைக் கீழே வைத்தார்.

"பிளேடு எடுத்துச் சுரண்டப் போனேன். எம் பொண்டாட்டி ஓடி வந்து கண்ணாடிக்கு முன்னால நின்னுட்டா. கையை விரிச்சுக்கிட்டு. ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்கு நின்ன பேச்சுதானுங்க."

"இப்பவும் இருக்குதுங்களா அந்தப் பொட்டு?"

"இருக்குது. தினமும் காலையில பார்க்கறேன். பார்த்துட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்லை. வீடு பூரா தேடினாலும் வாணியோடது வேற ஒண்ணும் கிடையாது. அது ஒண்ணுதான். கடுகத்தனை பொட்டும்மா அது."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் கிடந்த ஆணிக் குவியலைப் பார்த்தார்.

பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டார். வளைந்தது, முறிந்தது எதையும் விடவில்லை.

"இதை நானே நிமித்தி அடிச்சுக் கொண்டாந்து தர்றேனுங்க."

"தாங்க."

"வீட்டுல பிடுங்கினதை என்ன பண்றதுங்க?"

"அது எங்க இருக்குது?"

"நாமக்கல் பக்கம் ஒரு ஹோம்ல குடுத்தேன்."

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

போனார். கால் ஆறிய பிறகுதான் திரும்பி வந்தார். அன்றைக்குத் தெய்வானையின் காலடியில் ஒரு பெரிய பை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் வாணிக்கு வருஷம். படம் இன்னும் கடை பீரோவுக்குள்தான் இருந்தது. எங்கள் கூடத்து வாசலிலேயே பஸ் நிற்கும். அதில் ஏறினால் நாமக்கல், அங்கிருந்து பல்லடம்.

அங்கமுத்து பலகையைத் துணி பிரித்துக் காட்டினார். நல்ல வேலை. நிமிர்த்த முடிந்த பழைய ஆணிகளோடு கடை ஆணிகளும் சேர்த்து நெருக்கமாக அடித்திருந்தார்.

"அந்த ஒத்தை ஆணி எங்கே?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"இதுக்குள்ளதான் இருக்குது பாவாயி. எதுன்னு இப்போ எனக்கே தெரியல."

அம்மா பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஹோமுக்குப் போனீங்களா?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"போனேனுங்க. ஒரு புள்ளை துணி அலசிட்டு இருந்துது. பச்சைச் சுடிதார் போட்டிருந்துது. எம் மகளுக்குத் தீபாவளிக்கு எடுத்தது. கழுத்துல அவளே பாசிமணி வெச்சுத் தெச்சிருந்தா. அந்தப் புள்ளைக்கு அளவெடுத்தாப்பல இருக்குது. எப்படிங்க கேக்கறது? அப்பா அம்மா இல்லாத புள்ளை. யாருங்க தாத்தான்னு கேட்டுது. சும்மா வந்தேன் சாமின்னேன். மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"மத்ததெல்லாம்?"

"புஸ்தகம் யார் யார்கிட்டயோ போயிருச்சு. சைக்கிள் ஒடைஞ்சு போச்சாம். திரும்பக் கிடைக்காதுங்க. நானேதான் தூக்கிக் குடுத்தேன். என் கையாலேயே."

கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"படம் இருக்குதுல்ல?" என்றார் அம்மா.

"இருக்குது. தெய்வானை மாட்டச் சொல்லிவிட்டா. பயமா இருக்குதுங்க. வெறும் வீட்டுல அது ஒண்ணை மட்டும் மாட்டினா, அதுவும் அந்தப் பொட்டு மாதிரிதானே ஆகும்? நான் எப்படித் தாங்குவேன்?"

அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். தெய்வானை பையைத் தூக்கிக்கொண்டு காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"தெய்வானையக்கா. ஒரு கை பிடிக்கணும். வாங்க."

"எனக்கு பஸ் வந்துரும்."

"வர்ற வரைக்கும் பிடிங்க."

தெய்வானை என்னைப் பார்த்தார். நான் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

உள்ளே வந்தார். அங்கமுத்து பலகைக்கு முன்னால் நின்றார். இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். கை பிடிக்கத் தெரியாதவர்கள் மாதிரி விரல் விரலாகப் பிடித்தார்கள். அவர் ஏறினார். தெய்வானை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணைப் பாருங்கக்கா," என்றார் அம்மா.

பார்த்தார். இவர்கள் இரண்டு பேரும் முகம் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

அங்கமுத்து பல்லைக் கடித்தார். மூச்சு முட்டியது.

"வலியில நிக்கறவரால பேச முடியாது. நீங்கதான் பேசணும்."

"நான் என்ன பேசறது?"

"புள்ளை தோசை எப்படித் திம்பா?"

தெய்வானையின் முகம் மாறியது. அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் போனார். கை பிடியில் இருந்தது. திரும்பவில்லை.

"ஓரத்தை," என்றார். தொண்டையைச் செருமினார். "ஓரத்தை மட்டும் சுத்திச் சுத்திப் பிச்சுத் திம்பா. வாணி. நடுவை வெச்சுடுவா."

வாணி என்ற பெயர் கேட்டதும் அங்கமுத்து பலகையை விட்டுக் குதிக்கப் பார்த்தார். தெய்வானை கையை விடவில்லை.

"மூச்சை விடுங்க ஐயா."

விட்டார்.

"நடுவை என் தட்டுல போட்டுருவா," என்றார். "அப்பாவுக்குத்தான் பல்லு ஆடுதும்பா."

"பல்லு விளக்கிட்டே தெருக்கோடி வரைக்கும் போயிருவா. வாயில நுரையோட எல்லார்கிட்டயும் பேசுவா."

"கடைக்கு வந்தா தராசுத் தட்டுல ஏறி உக்காந்துக்குவா. இறங்கவே மாட்டா."

"ரிமோட்டைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெப்பா."

"சிரிச்சா சிங்கப்பல் தெரியும்."

"அதை மறைக்கக் கையை வெச்சுக்குவா."

நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டேன். கையில் தெய்வானையின் பை கனத்தது.

தெய்வானை நிறுத்திவிட்டார்.

"கடைசி நாளு, அப்பா வந்துட்டாரான்னு கேட்டா. ரெண்டு மூணு தடவை கேட்டா. நீங்க கடையில இருந்தீங்க."



"லோடு எறக்கிட்டு இருந்தேன்," என்றார் அங்கமுத்து.

"தெரியும்."

"இதோ வந்துடறேன்னுதான் போன்ல சொன்னேன்."

"தெரியும்."

"வந்துட்டுத்தான் இருந்தேன், தெய்வானை."

"தெரியுங்க எனக்கு."

அங்கமுத்து அழுதார். கண்ணை மூடவில்லை, முகத்தைத் துடைக்கக் கையை எடுக்கவும் இல்லை. தண்ணீர் தாடை வழியாகச் சட்டையில் சொட்டியது. கால் பலகையிலேயே இருந்தது.

"அதுக்கு முந்தின நாள் ஐஸ் கேட்டா," என்றார் தெய்வானை. "காய்ச்சல்ல ஐஸ் என்னடீன்னு திட்டிட்டேன். குடுத்திருக்கலாம். ஒரு ஐஸ்தானே."

"நீ என்ன பண்ணுவே?"

"குடுத்திருக்கலாம்."

"டாக்டர்தானே வேண்டாம்னாரு."

"அப்படியும் குடுத்திருக்கலாங்க."

அப்போது தெய்வானையும் அழ ஆரம்பித்தார். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நான் பையோடு இரண்டு எட்டு வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். உள்ளே யாருக்கும் அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. பஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"சைக்கிள் பழகறப்போ விழுந்து முட்டியில வடு இருக்குமே," என்றார் அங்கமுத்து.

"இடது முட்டி."

"இடதா?"

"இடதுதான். நாந்தானே மஞ்சள் வெச்சேன்."

வெயில் இறங்கி வாசல்படிக்கு வந்துவிட்டது. புதுசாக நிற்கிறவர் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. அம்மா பலகை அருகே குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தார்.

"போதும் ஐயா. இறங்குங்க."

"இன்னும் இருக்குதும்மா," என்றார் அங்கமுத்து.

தெய்வானை ஒரு கையை மட்டும் விடுவித்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இறங்குங்க. மீதியை நம்ம வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."